பாலத்தருகே வந்து நின்ற இரண்டு பேர்: வரவா, கணக்குப் பிழையா?

வள்ளியூர் கணக்கன்:

கடைசிப் பகுதி வரை பார்க்காதவர்கள் இதற்குமேல் படிக்க வேண்டாம். முடிவைத் தொடாமல் இதைப் பேச வழியில்லை.

‘டார்க்’ ஜெர்மன் தொடரை மூன்றாம் தடவையாக இந்த வாரம் பார்த்து முடித்தேன். மூன்று பருவம், 26 பகுதி. பார்த்து நாளானவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். வின்டன் என்று ஒரு கற்பனை ஊர். ஒரு அணுமின் நிலையம், காட்டுக்குள் ஒரு குகை. குகைக்குள் நுழைந்தால் 33 வருடம் முன்னாலோ பின்னாலோ போய்ச் சேரலாம். 2019இல் காணாமல் போன மிக்கேல் என்ற சிறுவன் 1986இல் போய் விழுந்து, அங்கேயே வளர்ந்து, யோனாஸ் என்ற பையனுக்கு அப்பாவாகிறான். கதை அங்கிருந்து முடிச்சு விழுகிறது.

நான் கடைகளுக்கும் அரிசி ஆலைகளுக்கும் கணக்கு எழுதுகிறவன். வரவு என்று ஒரு வரி விழுந்தால் அது எங்கிருந்து வந்தது என்று காட்ட வேண்டும். காட்ட முடியாவிட்டால் எவ்வளவு அழகான நோட்டும் செல்லாது. இந்தத் தொடரையும் நான் அப்படித்தான் பார்க்கிறேன்.

இதில் பெரிய வரவு மூன்று. முதலாவது, ரெஜினாவின் ஓட்டலுக்கு வந்து தங்கும் தாடிக்காரர். யார், எந்த ஊர் எதுவும் தெரியாது, கழுத்தில் தழும்பு மட்டும் தெரியும். முதல் பருவத்தின் பத்தாம் பகுதியில் அவர் வளர்ந்த யோனாஸ் என்று தெரிந்தது. இரண்டாம் பருவத்தில் யோனாஸைத் தூக்கில் ஏற்றிப் பாதியில் இறக்கியபோது தழும்புக்கும் பதில் வந்தது. டேலி. இரண்டாவது, யோனாஸின் காதலி மார்த்தா சுடப்பட்டு யோனாஸின் மடியில் கிடக்க, அதே முகத்தோடு இன்னொரு மார்த்தா வந்து நிற்கிறாள். எந்தக் காலம் என்று கேட்காதே, எந்த உலகம் என்று கேள் என்கிறாள். மூன்றாம் பருவம் முழுக்க அதற்கான பதில்தான். அதுவும் டேலி.

மூன்றாவதுதான் இடிக்கிறது. 1971, மழை இரவு. கடிகாரக்காரர் டன்ஹவுஸோடு சண்டை போட்டுவிட்டு அவர் மகன் மாரெக், மனைவி சோன்யாவையும் கைக்குழந்தையையும் காரில் ஏற்றிக்கொண்டு கிளம்புகிறான். கார் பாலத்தில் விபத்தாகிறது, மூன்று பேரும் போய்விடுகிறார்கள். அவர்களைத் திரும்பப் பெற டன்ஹவுஸ் ஒரு இயந்திரம் செய்து 1986இல் இயக்குகிறார். ஒரு உலகம் இரண்டாக உடைகிறது. யோனாஸும் அந்த இன்னொரு மார்த்தாவும் அந்த உடைந்த உலகங்களின் பிள்ளைகள். கடைசியில் அவர்கள் இரண்டு பேரும் மூல உலகத்துக்கு வந்து, பாலத்துக்கு முன்னால் ரோட்டில் நின்று காரை மறிக்கிறார்கள். மாரெக் திரும்பிப் போகிறான்.

சரி. மாரெக் சாகவில்லை என்றால் இயந்திரம் இல்லை. இயந்திரம் இல்லை என்றால் இரண்டு உலகம் இல்லை. இரண்டு உலகம் இல்லை என்றால் யோனாஸ் இல்லை, மார்த்தா இல்லை. அப்படியானால் காரை நிறுத்தியது யார்? 26 பகுதி பைசா பிசகாமல் கணக்கு எழுதிய ஆட்கள் கடைசி வரியை அந்தரத்தில் விட்டுவிட்டார்கள். எனக்கு இது ஏமாற்றம்.

அம்பை இயற்பியல்:

கணக்கன் தம்பி, உங்கள் கேள்வி நியாயமானது. ஆனால் பதில் தொடருக்குள்ளேயே இருக்கிறது. நான் அம்பாசமுத்திரத்தில் பதினேழு வருடமாக இயற்பியல் நடத்துகிறேன். பிள்ளைகளுக்கு ஷ்ரோடிங்கர் பூனையைப் புரியவைக்க முடியாமல் தவித்திருக்கிறேன். இந்தத் தொடரின் கடைசிக்கு முந்திய பகுதியைப் பார்த்த பிறகு எனக்கே அது தெளிவாயிற்று.

பூட்டிய பெட்டி, உள்ளே பூனை. திறந்து பார்க்கும்வரை அது உயிரோடு இருப்பதும் இறந்திருப்பதும் சேர்ந்தே இருக்கின்றன என்பது கணக்கு. வின்டனை அழிக்கும் பேரழிவு நடக்கும் கணத்தில் நேரம் ஒரு நொடியின் பின்னம் அளவுக்கு நின்றுபோகிறது என்று தொடர் சொல்கிறது. அந்த இடைவெளியில் ஒரே செயலுக்கு இரண்டு முடிவுகள் பிறக்கலாம். வெறுமனே சொல்லவில்லை, காட்டவும் செய்தார்கள். ஒரு யோனாஸை இன்னொரு மார்த்தா வந்து கூட்டிப்போகிறாள். இன்னொரு யோனாஸை யாரும் கூட்டிப்போகவில்லை, அவன் நிலவறைக்குள் ஓடிப் பிழைத்து, தாடிக்காரராகி, கடைசியில் ஆதாம் என்ற கிழவனாகிறான். இரண்டும் நடந்தவை. இதை ஏற்றுக்கொண்டவர்கள் பாலத்தில் மட்டும் ஏன் மறுக்க வேண்டும்? கார் விழுந்ததும் உண்மை, கார் நின்றதும் உண்மை.

வள்ளியூர் கணக்கன்:

சார், மரியாதையோடு கேட்கிறேன். இரண்டும் உண்மை என்றால் கார் விழுந்த பாதியில் டன்ஹவுஸ் இயந்திரம் செய்வார், யோனாஸ் பிறப்பான், எல்லாக் கொடுமையும் அப்படியே ஓடிக்கொண்டிருக்கும். பிறகு அவர்கள் இரண்டு பேரும் ரோட்டில் நின்று பொடிப்பொடியாக ஏன் கரைய வேண்டும்? கரைந்தார்கள் என்றால் ஒரு பாதிதான் மிச்சம் என்று தொடரே சொல்கிறது. பூனையை வைத்து வழி திறந்தீர்கள், அதே பூனை அந்த வழியை அடைக்கிறது.

அம்பை இயற்பியல்:

இது நல்ல கேள்வி. யோசித்துவிட்டு வருகிறேன்.

ராதாபுரம் காத்தாடி:

நீங்கள் இரண்டு பேரும் பாலத்திலேயே நிற்கிறீர்கள். எனக்கு வேறு ஒரு ஆற்றாமை.

எங்கள் வீட்டு மாடியில் ஏறினால் ஒரு பக்கம் காற்றாலைகள், இன்னொரு பக்கம் தூரத்தில் கூடங்குளத்துக் கூண்டுகள். வின்டனில் இருப்பதுபோல ஆவி விடும் பெரிய கோபுரங்கள் இங்கே கிடையாது, நமக்குக் கடல் தண்ணீரே குளிர்விக்கிறது. ஆனால் சாயங்காலம் அந்தக் குவிமாடங்களைப் பார்க்கும்போது வயிற்றில் ஏற்படும் உணர்ச்சி ஒன்றுதான். 1988இல் ராஜீவ் காந்தியும் கோர்பச்சேவும் கையெழுத்துப் போட்ட திட்டம். 2011இல் ஃபுகுஷிமா நடந்த பிறகு இடிந்தகரையில் பந்தல் போட்டுச் சனம் உட்கார்ந்தது. முதல் உலை 2013இல் இயங்கத் தொடங்கியது. என் பள்ளிக்கூட நாட்கள் முழுக்க அந்தப் பேச்சுதான்.

அதனால் முதல் பருவத்தைப் பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. 1986இல் உலையில் விபத்து, நிர்வாகம் மூடி மறைக்கிறது, குகைக்குள் மஞ்சள் பீப்பாய்களில் கழிவு. ஊரே அதன் சம்பளத்தில் வாழ்கிறது, அதனால் யாரும் வாய் திறப்பதில்லை. இதை இவ்வளவு தெளிவாகச் சொன்ன தொடர் நான் பார்த்ததில்லை. அந்தத் தாடிக்காரர் வந்தபோது, உலையின் பாவத்தைச் சொல்ல வந்தவர் என்றுதான் நம்பினேன்.

கடைசியில் என்ன செய்தார்கள்? எல்லாவற்றுக்கும் மூலம் பிள்ளையை இழந்த ஒரு அப்பாவின் துக்கம் என்று முடித்தார்கள். துக்கப்பட்டவன் தலையில் பழி, மூடி மறைத்தவர்கள் வெளியே. கணக்கன் அண்ணன் வரவுக்கு மூலம் கேட்கிறார். நான் பற்று யார் பெயரில் எழுதப்பட்டது என்று கேட்கிறேன்.

வள்ளியூர் கணக்கன்:

இந்தக் கோணத்தில் நான் பார்க்கவில்லை தம்பி. முழுக்க ஒத்துக்கொள்கிறேன்.

பாளை இசக்கி:

நான் ஒத்துக்கொள்ளவில்லை. இரண்டு பேரிடமும்.

காத்தாடி அண்ணே, டன்ஹவுஸ் மேல் பழி போடுவதாக எனக்குத் தோன்றவில்லை. அந்த மனிதரைத் திட்டி ஒரு வார்த்தை கிடையாது. மகன் திரும்பி வந்து கதவில் நிற்கும்போது அவர் முகத்தைப் பாருங்கள். பழி போடுகிறவர்கள் அப்படி எடுக்க மாட்டார்கள்.

கணக்கன் அண்ணாச்சி, உங்களுக்குத்தான் பெரிய பதில். எங்கள் தாத்தா வில்லுப்பாட்டில் குடம் அடித்தவர். கோயில் கொடைக்கு அவர் பின்னாலேயே போய் விடிய விடிய முழித்துக் கேட்டு வளர்ந்தவள் நான். சுடலைமாடன் கதை உங்களுக்கும் தெரிந்திருக்கும். பார்வதி பிள்ளை வரம் கேட்கிறாள். தூண்டாமணி விளக்கின் சுடர் முந்தானையில் தெறிக்கிறது, அதிலிருந்து பிள்ளை. கருவும் இல்லை, பத்து மாதமும் இல்லை. அந்தப் பிள்ளை கயிலாயத்தில் தங்க முடியாமல் பூமிக்கு வருகிறான். நம் ஊரில் பாதிப் பேருக்குக் காவலாக நிற்பது அவன்தான். நள்ளிரவில் வேட்டைக்குப் போகிற சாமியைப் பார்த்து ‘உன் மூலம் எங்கே’ என்று யாரும் கேட்டதில்லை. வந்தானா, காத்தானா, அவ்வளவுதான் கேள்வி.

பாலத்துக்கு முன்னால் நின்ற இரண்டு பேரையும் நான் அப்படித்தான் பார்க்கிறேன். 25 பகுதி அவர்கள் மனிதர்கள். கடைசிப் பகுதியில் வழிமறித்த தெய்வங்கள். யோனாஸ் அந்த ரோட்டில் மாரெக்கிடம் சொல்வது மாரெக்கின் அப்பா அடிக்கடி சொல்கிற வாசகம்: நாம் அறிந்தது ஒரு துளி, அறியாதது ஒரு கடல். கற்றது கைம்மண்ணளவு என்று சின்ன வயதில் படித்ததை ஒரு ஜெர்மன்காரன் மழையில் நனைந்துகொண்டு சொல்வதைக் கேட்டபோது நான் அழுதுவிட்டேன்.

வள்ளியூர் கணக்கன்:

தங்கச்சி, சுடலைக்கு விளக்காவது இருந்தது. சுடர் தெறித்தது, முந்தானை இருந்தது, கேட்டவள் இருந்தாள். கதை சொன்னவர்கள் மூலத்தைச் சொல்லிவிட்டுத்தான் மேலே போனார்கள். இங்கே அந்த விளக்கையே ஊதி அணைத்துவிட்டு, சுடர் மட்டும் வந்தது என்கிறார்கள்.

பாளை இசக்கி:

விளக்கு எரிந்ததே அண்ணாச்சி! 25 பகுதி எரிந்ததை நாம் பார்த்தோமே.

மேலப்பாளையம் வாசகன்:

நடுவில் ஒரு சின்ன விஷயம். இரண்டாம் பருவம் 2019 ஜூனில் முடிந்தது, மூன்றாம் பருவம் 2020 ஜூன் 27இல் வந்தது. கதைக்குள் பேரழிவு நடக்கும் தேதியும் அதே 2020 ஜூன் 27. இடைப்பட்ட ஒரு வருடம் கல்லூரி விடுதியில் எங்களுக்கு அந்த இரண்டாவது மார்த்தாதான் சோறும் தண்ணியும். அவள் மார்த்தாவின் மகள் என்று ஒரு கட்சி. சாவதற்கு முன்னாலேயே காலம் தாண்டி வந்த அதே மார்த்தா என்று ஒரு கட்சி. நான் மகள் கட்சி. குடும்ப மரம் ஏற்கெனவே அப்படிச் சிக்கிக் கிடந்ததால், முகம் ஒன்றுபோல இருப்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை என்று வாதாடினேன். அவள் ‘எந்த உலகம்’ என்று சொன்ன வரியை நான் ஒரு உவமையாக எடுத்துக்கொண்டேன். அவர்கள் நேராகச் சொன்னதை நான் சுற்றிப் படித்தேன்.

அதிலிருந்து ஒன்று கற்றுக்கொண்டேன். இந்தத் தொடர் ஒரு வரவைக் காட்டினால், அதைப் பற்றி அவர்கள் சொல்லும் வார்த்தையை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டும். பாலக் காட்சியையும் அப்படியே எடுத்துக்கொள்கிறேன். அவர்கள் வந்தார்கள்.

ஊரடங்கில் மூன்றாம் பருவத்தை வீட்டில் தனியாகப் பார்த்தேன். பக்கத்தில் சண்டை போட ஒரு ஆள் இல்லை. அந்தக் குறை இன்னும் இருக்கிறது, அதனால்தான் இந்த விவாதத்தை விடாமல் படிக்கிறேன்.

அம்பை இயற்பியல்:

வந்துவிட்டேன். கணக்கன் தம்பியின் கேள்வியை இரண்டு நாள் சுமந்து திரிந்தேன். பூனையை வைத்து முழுப் பதில் சொல்ல முடியாது என்று ஒத்துக்கொள்கிறேன். இரண்டு பாதியும் இருந்தால் அவர்கள் கரைய வேண்டியதில்லை, அது சரி.

ஆனால் நேற்று இரவு கடைசிப் பகுதியைத் திரும்பப் போட்டேன். நாம் யாரும் தொடாத ஒரு சின்னக் காட்சி இருக்கிறது. 1986இல் குகைக்குள் போகும் யோனாஸும் மார்த்தாவும் ஒரு வெளிச்சப் பாதைக்குள் பிரிந்துவிடுகிறார்கள். அங்கே யோனாஸுக்கு முன்னால் சின்ன வயது மார்த்தா தெரிகிறாள். மார்த்தாவுக்கு முன்னால் சின்ன வயது யோனாஸ். சிறுவயதில் தன்னை யாரோ அப்படிப் பார்த்தது அவர்கள் நினைவில் ஏற்கெனவே இருக்கிறது, கனவு என்று நினைத்திருந்தார்கள்.

இதன் பொருள் என்ன? அந்தப் பிள்ளைகள் பார்த்த நாளிலேயே இந்தப் பயணம் நடந்து முடிந்திருக்கிறது. முடிச்சை அவிழ்க்கப் போகிறவர்களின் தடம் முடிச்சுக்குள்ளேயே முதலிலிருந்து இருந்திருக்கிறது. கடைசியில் ஒட்டவைத்த வரவு என்று இனி இதைச் சொல்ல முடியாது. உங்கள் பாஷையில் சொன்னால், கடைசிப் பக்கத்து வரவுக்கான பதிவு முதல் பக்கத்திலேயே பென்சிலில் எழுதியிருந்தது, நாம்தான் பார்க்கவில்லை.

வள்ளியூர் கணக்கன்:

சார், இந்த இடம் என்னை ஆட்டிவிட்டது, உண்மை. மூன்று தடவை பார்த்தும் அந்தக் காட்சியைப் பிரிவின் சோகத்துக்காக வைத்தது என்றே நினைத்தேன். சாட்சி என்று நினைக்கவில்லை.

ஆனாலும் அந்தப் பென்சில் பதிவு இருப்பது யோனாஸ் உலகத்து நோட்டில். அந்த நோட்டே எரிந்துபோனது. மூல உலகத்து நோட்டில் இவர்களைப் பற்றி ஒரு வரி காட்டுங்கள்.

பாளை இசக்கி:

காட்டுகிறேன். ஹன்னா, யோனாஸின் அம்மா.

கடைசி விருந்துக் காட்சி. வெளியே இடி மழை. மேசையைச் சுற்றி ரெஜினா, கத்தரினா, பீட்டர் எல்லாரும். பிறப்புக்கு இந்த முடிச்சு தேவைப்படாதவர்கள் மட்டும் மிச்சம். கரண்ட் போய் வருகிறது. ஹன்னா தொங்கும் மஞ்சள் மழைக்கோட்டையே பார்க்கிறாள். இதெல்லாம் முன்பே நடந்ததுபோல இருக்கிறது என்கிறாள், உலகம் இருண்டு முடிந்துபோன ஒரு கனவைச் சொல்கிறாள். வயிற்றில் பிள்ளை. என்ன பெயர் வைப்பாய் என்று கேட்கிறார்கள். யோனாஸ் நல்ல பெயர் என்கிறாள்.

பேர் சொல்ல ஒரு பிள்ளை வேண்டும் என்று நம் வீட்டில் பெரியவர்கள் சொல்வார்கள் இல்லையா. இங்கே பிள்ளை போய், பேர் தங்கிவிட்டது. வில்லுப்பாட்டு முத்துப்பட்டன் செத்தான், அவன் மனைவிகள் பொம்மக்கா திம்மக்கா தீப்பாய்ந்தார்கள். சொரிமுத்து அய்யனார் கோயிலில் அவர்களுக்கு இடம் இருக்கிறது, ஆடி அமாவாசைக்குச் சனம் போய்ச் செருப்புக் காணிக்கை கட்டுகிறது. யோனாஸுக்கும் மார்த்தாவுக்கும் ஒரு கல்லும் நடவில்லை. கரைவதற்கு முன்னால் மார்த்தா அதைத்தான் கேட்கிறாள்: நம்மில் ஏதாவது மிஞ்சுமா? ஹன்னாவின் வாயில் வந்த அந்தப் பெயர்தான் அவர்களுக்குப் பீடம்.

வள்ளியூர் கணக்கன்:

ஹன்னா பெயரைச் சொன்னாள். மார்த்தாவின் பெயரை யார் சொன்னது?

பாளை இசக்கி:

ஒருவரும் சொல்லவில்லை. அது எனக்கும் வலிக்கிறது, அண்ணாச்சி.

கருங்குளத்துக்காரன்:

நான் இதுவரை இங்கே படித்ததோடு சரி, எழுதியதில்லை. இந்தப் பேச்சு பாலத்தில் வந்து நின்றதால் எழுதுகிறேன்.

2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. அந்த மழை உங்கள் எல்லாருக்கும் நினைவிருக்கும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. அளவுக்குக் கொட்டியது, திருச்செந்தூரிலிருந்து கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் சனத்தோடு நின்றுபோனது. நான் ஒரு விசேஷ வீட்டிலிருந்து ராத்திரி மனைவியையும் மகளையும் கூட்டிக்கொண்டு காரில் திரும்பிக்கொண்டிருந்தேன். மாமனாரோடு ஒரு சின்ன வாக்குவாதம், தங்கச் சொன்னார்கள், நான் கேட்கவில்லை. வைப்பர் ஓடியும் கண்ணாடியில் ஒன்றும் தெரியவில்லை. மகள் பின் சீட்டில் தூக்கம்.

எங்கள் ஊருக்குத் திரும்பும் வழியில் ஒரு ஓடையும் தரைப்பாலமும் உண்டு. அதற்கு ஐம்பது அடி முன்னால் ஒரு ஆள் ரோட்டின் நடுவில் நின்றார். சாக்கைக் கொங்காணியாகத் தலையில் போட்டிருந்தார், கையில் மங்கலான டார்ச். பானெட்டில் உள்ளங்கையால் படபடவென்று தட்டினார். ‘போவாதிய, பாலத்துக்கு மேல தண்ணி போவுது’ என்றார். நான் கண்ணாடியை இறக்கினேன், மழை மடியில் அடித்தது. அவர் டார்ச்சைத் திருப்பிக் காட்டினார். ரோடு இருக்க வேண்டிய இடத்தில் செம்மண் தண்ணீர் முறுக்கிக்கொண்டு ஓடியது. ஒரு வாழைக் குலை அதில் சுற்றியபடி போனது. நான் காரைத் திருப்பி மாமனார் வீட்டுக்கே போய்விட்டேன். கதவைத் திறந்த அவர் ஒன்றும் கேட்கவில்லை, என் தலையைத் துண்டால் துவட்டிவிட்டார்.

தண்ணீர் வடிந்த பிறகு பக்கத்து ஊர்களில் விசாரித்தேன். டீக்கடையில், நூறு நாள் வேலைக்காரர்களிடம், ஆடு மேய்க்கிறவர்களிடம் கேட்டுவிட்டேன். அப்படி ஒரு ஆளை யாருக்கும் தெரியவில்லை. முகத்தையும் நான் சரியாகப் பார்க்கவில்லை. கையில் மணிக்கட்டுக்கு மேலே ஒரு கறுப்புக் கயிறு மட்டும் நினைவிருக்கிறது.

கடைசிப் பகுதியை அதற்கு அப்புறம்தான் பார்த்தேன். அந்தக் கார் பிரேக் போட்ட சத்தத்தில் மனைவி எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். கணக்கன் அண்ணே, அவர் யார் என்று எனக்கு இன்றைக்கும் மூலம் காட்ட முடியாது. என் மகள் இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். வரவு நடந்தது என்பதற்கு அவளைத்தான் நான் காட்ட முடியும்.

வள்ளியூர் கணக்கன்:

அண்ணாச்சி, இதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் போனைக் கீழே வைத்துவிட்டேன். பிள்ளை நல்லா இருக்கட்டும்.

பதில் எழுதுவதா வேண்டாமா என்று யோசித்தேன். மழுப்பினால் உங்களுக்கு மரியாதை ஆகாது. அந்த மனிதருக்கு ஒரு அம்மா இருந்திருப்பாள். அந்த டார்ச்சை எங்கோ ஒரு கடையில் வாங்கியிருப்பார். நமக்குத் தெரியாவிட்டாலும் அவர் வந்த வழி ஒன்று இருக்கிறது. யோனாஸுக்கு அந்த வழியே இல்லாமல் ஆக்கிவிட்டார்கள். என் சங்கடம் அங்கேதான் இருக்கிறது, அது தீரவில்லை.

ஆனால் முதல் பதிவில் ‘ஏமாற்றம்’ என்று எழுதியிருந்தேன். அந்த வார்த்தையை எடுத்துக்கொள்கிறேன். வெளிச்சப் பாதையில் அந்தப் பிள்ளைகள் பார்த்ததை சார் காட்டிய பிறகு, கணக்கை அஜாக்கிரதையாக விட்டார்கள் என்று என்னால் சொல்ல முடியாது. தெரிந்தே திறந்து வைத்திருக்கிறார்கள்.

கருங்குளத்துக்காரன்:

எனக்கு அது போதும் அண்ணே. ஒன்று மட்டும் கேட்கிறேன். மாரெக் வண்டியைத் திருப்பின பிறகு அவர்கள் இரண்டு பேரும் எவ்வளவு நேரம் அந்த ரோட்டில் நின்றார்கள்? நான் வண்டியைத் திருப்பும்போது கண்ணாடியில் பார்த்தேன். அவர் இன்னும் அங்கேயே, அடுத்த வண்டிக்காக டார்ச்சைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தார்.